நான் மட்டும் லெவல் ஏறினா போதுமா?

உங்க ஹாஸ்டல் விங்ல போய், "கடைசியா முழுசா படிச்சு முடிச்ச தொடர் எது?"ன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் 'சோலோ லெவலிங்'னு சொல்வாங்க. மீதிப் பேர் அதோட அனிமேயை மட்டும் பார்த்திருப்பாங்க. பாடப்புத்தகத்தில் நாற்பதாவது பக்கத்தைத் தாண்டாத ஆள்கூட அந்த 179 அத்தியாயத்தையும் ஒரே வாரத்தில் முடிச்சிருப்பான்.

அதைக் குறை சொல்ல நான் வரலை. அது ஏன் நமக்கு இவ்வளவு இனிக்குதுன்னு யோசிச்சா கொஞ்சம் கசப்பான ஒரு விஷயம் தட்டுப்படுது. அதைத்தான் பேசப்போறேன். கூடவே, அந்தக் கசப்புக்கு மாற்றா சமீப வருஷங்கள்ல வந்த மூணு மங்கா, கொஞ்சம் பழைய ஒரு மொழிபெயர்ப்பு நாவல் வரிசை பத்தியும் சொல்றேன். எந்தத் தொடரோட கடைசி முடிவையும் சொல்ல மாட்டேன். நடுவுல வர்ற சில சம்பவங்களைச் சொல்லாம முடியாது, பொறுத்துக்கோங்க.

தலைக்கு மேல ஒரு நம்பர்

'சோலோ லெவலிங்' மங்கா இல்லை, கொரிய வெப்டூன். சுகோங் எழுதி 2016-ல் தொடங்கின இணைய நாவல், 2018-ல் படக்கதையாச்சு. படம் வரைஞ்ச துபு 2022-ல் இறந்துட்டார். அவர் வரைஞ்ச சண்டைப் பக்கங்களை ஃபோன்ல மேலிருந்து கீழ ஸ்க்ரோல் பண்ணிப் பார்க்கும்போது வர்ற வேகம் இன்னைக்கும் வேற யார்கிட்டயும் அவ்வளவு லேசா கிடைக்காது. இதை யார் மறுத்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

கதை உங்களுக்குத் தெரியும். வேட்டைக்காரர்களுக்கு இ முதல் எஸ் வரை ரேங்க் உண்டு. சக்தி விழிக்கிற அன்னைக்கு என்ன ரேங்க் வருதோ, ஆயுசுக்கும் அதுதான். ஜின்வூ கடைசி ரேங்க். அம்மா ஆஸ்பத்திரியில் கண் திறக்காம கிடக்கிறாங்க, தங்கச்சி படிக்கிறா, செலவுக்கு இவன்தான் உயிரைப் பணயம் வைக்கணும். ஒரு நாள் சாவோட விளிம்புக்குப் போய்த் திரும்புறான். அதுக்கப்புறம் அவன் கண்ணுக்கு மட்டும் ஒரு திரை தெரியுது. தினமும் நூறு புஷ்-அப், நூறு சிட்-அப், நூறு ஸ்குவாட், பத்து கிலோமீட்டர் ஓட்டம். செஞ்சா லெவல் ஏறும். செய்யலேனா தண்டனை.

இது ஏன் நமக்குப் பிடிக்காம போகும்? பிளஸ் டூ கட்-ஆஃப், கவுன்சலிங் ரேங்க், சிஜிபிஏ, அரியர் எண்ணிக்கை, பேக்கேஜ். பதினேழு வயசுலேர்ந்து நம்ம தலைக்கு மேலயும் ஒரு நம்பர் தொங்கிட்டேதான் இருக்கு. வித்தியாசம் என்னன்னா, நம்ம உழைப்புக்கும் நம்ம நம்பருக்கும் நடுவுல இன்டர்னல் மார்க், வினாத்தாள், அன்னைக்கு வந்த காய்ச்சல்னு ஆயிரம் விஷயம் குறுக்க நிக்கும். ஜின்வூவுக்கு எதுவும் நிக்காது. நூறு புஷ்-அப் போட்டா அதுக்கான பாயின்ட் அன்னைக்கே கைல. அந்த நியாயமான உலகத்துக்காகத்தான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கோம்.

இப்ப கசப்புக்கு வர்றேன். இந்தத் தொடரோட கொரிய தலைப்பை அப்படியே தமிழ்ல சொன்னா, 'நான் மட்டும் லெவல் ஏறுறேன்'னு வரும். ஆங்கிலத் தலைப்புல அந்த 'மட்டும்' கொஞ்சம் மங்கிப்போச்சு. ஆனா கதையோட முதுகெலும்பே அந்த ஒரு வார்த்தைதான். ரேங்க் முறை நியாயமில்லைன்னு முதல் அத்தியாயத்திலேயே காட்டிடுறாங்க. ஆனா அந்த முறையை யாரும் திருப்பிக் கேட்கிறதில்லை. ஒருத்தனுக்கு மட்டும் வெளிய போக ஒரு கதவு திறக்குது, அவ்ளோதான். மத்த இ ரேங்க் ஆட்கள் இ ரேங்காவே இருக்காங்க. கதை நகர நகர, அவன் பக்கத்துல நிக்கிற பெரிய பெரிய வேட்டைக்காரர்களுக்குக்கூட வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கிறதைத் தவிர வேலை இல்லை. அவனோட படையே அவன் கொன்னவங்களோட நிழல்கள்தான். கூட்டாளின்னு சொல்லிக்க எதிர்த்துப் பேசுற ஒரு ஆள் கிடையாது.

பொழுதுபோக்குக்கு இது தப்பே இல்லை. ஆனா தொடர்ந்து இதே மாதிரி முப்பது தொடர் படிச்சா, பலம்னா மத்தவனைத் தாண்டுறது மட்டும்தான்னு மனசுல ஒரு பழக்கம் விழுந்துடும். அந்தப் பழக்கத்தோட ப்ளேஸ்மென்ட் சீசனுக்குள்ள போனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ரூம்மேட்டுக்கு வேலை கிடைச்ச அன்னைக்கு அவன்கிட்ட பேசாம படுத்துக்கிட்ட ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

பலத்தை மறைச்சு வைக்கிறவ

இதுக்கு நேர் எதிர்ப்பக்கத்துல நிக்குது 'ஃப்ரீரன்'. கனேஹிதோ யமாதா எழுத, த்ஸுகாசா அபே வரையுற மங்கா. 2020-ல் தொடங்கி, அடுத்த வருஷமே ஜப்பான்ல மங்கா தைஷோ விருது வாங்கினது. 2023 செப்டம்பர்ல மேட்ஹவுஸ் அனிமேயா கொண்டுவந்தாங்க.

மத்த கதை முடியுற இடத்துல இது தொடங்குது. அசுர ராஜாவைக் கொன்னாச்சு, பத்து வருஷப் பயணம் முடிஞ்சு நாலு பேர் ஊர் திரும்பியாச்சு. அதுல ஃப்ரீரன் ஆயிரம் வருஷத்துக்கு மேல வாழுற எல்ஃப். அவளுக்குப் பத்து வருஷம்கிறது நமக்கு ஒரு செமஸ்டர் லீவு மாதிரி. அம்பது வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றா, தலைவன் ஹிம்மல் கிழவனாகி இருக்கான். கொஞ்ச நாள்ல செத்தும் போறான். அவன் சவக்குழிப் பக்கத்துல நிக்கும்போதுதான் அவளுக்கு உறைக்குது, இவனைப் பத்தி நமக்கு எதுவுமே தெரியாதேன்னு. அதுக்கப்புறம் வர்ற மொத்தத் தொடரும் அந்த ஒரு உறுத்தலைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற பயணம்தான்.

நான் சொல்ல வந்தது ஆராங்கிற அசுரியோட நடக்கிற மோதல். ஆரா கைல ஒரு தராசு இருக்கு. தன் மந்திர சக்தியை ஒரு தட்டுலயும் எதிராளியோட சக்தியை இன்னொரு தட்டுலயும் வைப்பா. எது கனமோ அவங்க சொன்னபடி மத்தவங்க ஆடணும். ஐந்நூறு வருஷமா சக்தி சேர்த்தவ அவ. எதிர்ல நிக்கிற ஃப்ரீரனைப் பார்த்தா அவ்வளவு ஒண்ணும் தெரியலை. தராசை நீட்டுறா. தட்டு மறுபக்கம் சாயுது. ஏன்னா ஃப்ரீரன் தன் ஆயுசு பூரா சக்தியை அடக்கியே வச்சிருந்திருக்கா. அசுரர்களுக்கு இது புரியவே புரியாது. அவங்க சமூகத்துல வெளிய தெரியுற சக்தியோட அளவுதான் பதவி, மரியாதை, எல்லாமே. அதை வேணும்னே குறைச்சுக் காட்டுற ஒருத்தி இருப்பான்னு அவங்களால கற்பனைகூட பண்ண முடியாது. லிங்க்ட்இன் ப்ரொஃபைலே வச்சுக்காத சீனியர் ஒருத்தர் லேப்ல எல்லாரோட கோடையும் சரிபண்ணிட்டு சத்தமில்லாம போவாரே, அந்த மாதிரி வச்சுக்கோங்க.

இவ்வளவு சக்தியை வச்சுக்கிட்டு ஃப்ரீரன் ஊர் ஊரா போய் சேகரிக்கிறது என்ன? பூந்தோட்டம் வரவழைக்கிற மந்திரம், இனிப்பு திராட்சையைப் புளிப்பாக்குற மந்திரம். அவ சிஷ்யை ஃபெர்ன் பெரிய பரீட்சையில ஜெயிக்கிறா. எந்த மந்திரம் வேணும்னாலும் கேள்னு பரிசு கிடைக்குது. அவ கேட்கிறது துணி அழுக்கைப் போக்குற மந்திரம்! படிச்சப்ப சிரிச்சேன். அப்புறம் யோசிச்சேன், மாசக்கணக்கா நடந்துட்டே இருக்கிறவளுக்கு அதைவிட உருப்படியானது என்ன இருக்கு? ஹாஸ்டல்ல துணி துவைக்கிற நமக்குத் தெரியாதா அதோட அருமை?

அதே பரீட்சையில குருவான ஃப்ரீரன் தோத்துப் போறா. எல்லாரையும்விட அனுபவசாலி, ஃபைனல் இன்டர்வியூல ரிஜெக்ட். அதுக்காக அவ அலட்டிக்கவே இல்லை. இந்த ஒரு இடத்துக்காகவே ஆஃப் கேம்பஸ் அலையுற ஒவ்வொருத்தரும் இதைப் படிக்கலாம்.

இதோட ஜப்பானியத் தலைப்புல இருக்கிற 'ஸோஸோ'ங்கிற சொல் இறந்தவரை வழியனுப்புறதைக் குறிக்கும். நண்பர்களை ஒவ்வொருத்தரா வழியனுப்பி வைக்கிறவளும் அவதான், அசுரர்களை மேலுலகத்துக்கு வழியனுப்பி வைக்கிறவளும் அவதான். ஆங்கிலத்தில் பயணத்தின் முடிவுக்கு அப்பால்னு பொருள் வர்ற மாதிரி வேற தலைப்பு வச்சிருக்காங்க. அழகா இருக்கு, ஆனா அந்த ரெட்டை அர்த்தம் போச்சு. நம்ம தமிழ்ல 'வழியனுப்புதல்'ங்கிற ஒரே சொல் ரெண்டையும் தாங்கும்.

குறையும் சொல்லிடுறேன். அசுரர்கள் மனுஷ பாஷை பேசுறதே ஏமாத்தத்தான்னு இந்தத் தொடர் அடிச்சுச் சொல்லுது. விதிவிலக்கே இல்லாத மாதிரி. இன்னொரு மனுஷனைப் புரிஞ்சுக்க ஆயிரம் வருஷப் பொறுமை வேணும்னு சொல்ற கதை, ஒரு இனத்துக்கு மட்டும் கதவை இழுத்துப் பூட்டுறது எனக்கு இடிக்குது.

சமைக்கிறவனும் ஹீரோதான்

'டன்ஜன் மெஷி' ர்யோகோ குயி தனியா எழுதி வரைஞ்சது. 2014-லிருந்து 2023 வரை ஓடி, 97 அத்தியாயத்தில், 14 தொகுதியில் முடிஞ்சுடுச்சு. முடிஞ்ச தொடர்ங்கிறதே இந்தக் காலத்துல ஒரு தகுதி. 2024 ஜனவரியில ட்ரிக்கர் ஸ்டுடியோவோட அனிமே நெட்ஃப்ளிக்ஸ்ல வந்தது.

லாயோஸோட தங்கச்சி ஃபாலினை ஒரு சிவப்பு டிராகன் முழுங்கிடுது. ஜீரணமாகுறதுக்குள்ள போய் மீட்கணும். கைல காசில்லை, பொருளெல்லாம் போச்சு, கூட்டத்துல ரெண்டு பேர் விலகிட்டாங்க. சாப்பாட்டுக்கு என்ன வழி? பாதாளத்துல திரியுற பூதங்களையே சமைச்சுச் சாப்பிட வேண்டியதுதான். முதல் நாள் சமையல் நடக்கிற காளானும் ராட்சசத் தேளும் போட்ட ஒரு குழம்பு.

கேட்க காமெடியா இருக்கும். ஆனா குயி ஒவ்வொண்ணுக்கும் காரணம் யோசிச்சிருக்காங்க. தானா நடமாடுற இரும்புக் கவசம் இருக்கே, எல்லா கேம்லயும் வருமே, அதுக்குள்ள என்ன இருக்கு? பேயா? இல்லை, கூட்டமா வாழுற நத்தை இனம் மாதிரி ஒரு உயிர். அதையும் வறுத்துச் சாப்பிடுறாங்க. மண்ணால ஆன கோலம் முதுகுல சென்ஷி காய்கறித் தோட்டம் போட்டிருக்கான். எது எதைத் தின்னுது, ஒண்ணு அழிஞ்சா எது பெருகும்னு அவனுக்குத் தெரியும். நாலு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின சுற்றுச்சூழல் பாடம் எனக்கு இங்கதான் புரிஞ்சது.

இதுல யாரும் தனியா ஜெயிக்க முடியாது. பூட்டு திறக்கிற சில்சக்குக்கு சண்டை போடத் தெரியாது, போடவும் மாட்டான். சம்பளத்தை முன்கூட்டியே வாங்கிட்டுத்தான் உள்ள வருவான். அவன் இன ஆட்களைப் பொறிக்கு இரையா அனுப்புற பழக்கம் இருந்ததால அவங்களுக்காக ஒரு சங்கமே நடத்துறான். ஃபேன்டஸி கதையில தொழிற்சங்கம் வச்ச ஆளை நான் வேற எங்கயும் பார்த்ததில்லை. மந்திரம் தெரிஞ்ச மார்சில், மிருகப் பைத்தியம் லாயோஸ், சமையல்காரன் சென்ஷி, இவங்கள்ல ஒருத்தர் இல்லேனா மீதிப் பேர் செத்தாங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீம் எப்படி இருக்கணும்னு இதைவிட நல்லா யாரும் சொல்லித்தர மாட்டாங்க. நிஜத்துல எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

வட்டம் மூடினா மந்திரம்

ஈசிஇ, ட்ரிபிள் இ ஆட்கள் தவறவே விடக்கூடாதது 'விட்ச் ஹாட் அடெலியே'. கமோமே ஷிராஹாமா 2016-லிருந்து வரையுறாங்க. 2020-ல் அமெரிக்காவோட ஐஸ்னர் விருது கிடைச்சது. ஒவ்வொரு பக்கமும் பழைய ஐரோப்பியப் புத்தகத்துல வர்ற ஓவியம் மாதிரி இருக்கும்.

அந்த உலகத்துல சூனியக்காரர்கள் பிறக்கும்போதே சக்தியோட பிறப்பாங்கன்னு ஜனங்க நம்புறாங்க. தையல்காரியோட மகள் கோகோ ஒளிஞ்சிருந்து பார்த்து உண்மையைக் கண்டுபிடிச்சுடுறா. மந்திரம்னா வரையுறது. நடுவுல என்ன பொருள்னு ஒரு குறி, சுத்தி எந்தத் திசை, எவ்வளவுன்னு சின்னச் சின்னக் கோடுகள், வெளிய ஒரு வட்டம். வட்டம் மூடினா வேலை செய்யும், திறந்திருந்தா செய்யாது. சர்க்யூட் தவிர இது வேற என்ன? பறக்கிற செருப்பு ஒண்ணு வரும். ஒவ்வொரு செருப்புலயும் பாதி வட்டம். ரெண்டையும் ஒட்டினா மேல எழும்பும், பிரிச்சா இறங்கும். ஸ்விட்ச்!

அப்ப யார் வேணும்னாலும் பேனா எடுத்து வரையலாமே? அங்கதான் கதை. முன்னொரு காலத்துல எல்லாரும் வரைஞ்சு பெரிய அழிவு வந்ததால, இந்த ரகசியத்தை ஊர்கிட்டேருந்து மறைச்சு வச்சிருக்காங்க. உடம்பு மேல மந்திரம் போடக் கூடாது, குணப்படுத்தக்கூட கூடாதுன்னு சட்டம். கோகோவோட அம்மாவோ அவ தெரியாம வரைஞ்ச மந்திரத்தால கல்லாகிக் கிடக்கிறாங்க. அறிவைப் பூட்டி வைக்கிறது பாதுகாப்பா, அநியாயமா? இந்தத் தொடர் ரெண்டு பக்கத்துக்கும் நியாயம் கொடுத்து நம்மளைத் தவிக்க விடுது. 'சோலோ லெவலிங்'ல ஒருத்தனுக்கு மட்டும் தெரியுற திரை அதிர்ஷ்டம். இங்க அதே விஷயம் ஒரு குற்ற உணர்ச்சி. ரெண்டையும் அடுத்தடுத்துப் படிச்சுப் பாருங்க, புரியும்.

குறை? மெதுவா நகரும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் காத்திருக்க நிதானம் வேணும்.

கூலி பேசுற வீரன்

மங்காவே படிக்காதவங்களுக்கு ஒண்ணு. 'விட்சர்' கேமை விளையாடினவங்க நிறைய பேர் இருக்கோம், நாவலைத் தொட்டவங்க குறைவு. போலந்து எழுத்தாளர் ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கி 1986-ல் ஒரு பத்திரிகைப் போட்டிக்கு எழுதின சிறுகதைதான் தொடக்கம். கெரால்ட் பூதம் கொல்றதை சேவையா செய்யலை, தொழிலா செய்றான். முதல்ல கூலி பேசுவான். நாவல்கள்ல வர்ற அரசியலைவிட எனக்கு அந்தப் பேரம்தான் பிடிக்கும். காசு கொடுக்கிற ஊர்த்தலைவனைப் பார்த்தா, இதுல யார் பூதம்னு நமக்கே குழப்பம் வந்துடும்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் இது ஏறுக்குமாறா வந்தது. 'தி லாஸ்ட் விஷ்' 2007-ல் வந்தது, முதல் நாவலான 'ப்ளட் ஆஃப் எல்வ்ஸ்' 2008-ல். நடுவுல படிக்க வேண்டிய 'ஸ்வோர்ட் ஆஃப் டெஸ்டினி' 2015-ல்தான் வந்தது. கெரால்டும் சிரியும் முதன்முதலா சந்திக்கிறதே அந்தப் புத்தகத்துலதான்! அதனால நாவலுக்கு முன்னாடி ரெண்டு கதைத் தொகுப்பையும் முடிச்சுடுங்க. டானுஷா ஸ்டோக், டேவிட் ஃப்ரெஞ்ச்னு ரெண்டு பேர் மொழிபெயர்த்திருக்காங்க. கைமாறுற இடத்துல நடை மாறுறதும் தெரியும்.

சரி, என்ன பண்ணலாம்?

நம்பரே வேண்டாம்னு நான் சொல்லலை. கம்பெனி கட்-ஆஃப் 7.5-ன்னா 7.4-ஐ உள்ள விட மாட்டாங்க, அங்க ஃப்ரீரன் தத்துவம் பேசினா வேலைக்கு ஆகாது. ஜின்வூ மாதிரி தினமும் நூறு புஷ்-அப் போடுறதும் நல்லதுதான். நான் கேட்கிறது ஒண்ணுதான். லெவல் ஏறின பிறகு என்ன? அந்தக் கேள்வியைக் கேட்கிற கதைகளும் உங்க லிஸ்ட்ல இருக்கட்டும். நூறு பேர்ல ஒருத்தன் மேல போறதைப் பார்த்துக் கைதட்டின மனசு, மீதித் தொண்ணூத்தொம்பது பேருக்கு என்ன ஆச்சுன்னும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும். அந்தத் தொண்ணூத்தொம்பதுல பெரும்பாலும் நாமதான் இருக்கோம்.

எதுல ஆரம்பிக்கிறதுன்னா, முதல்ல 'டன்ஜன் மெஷி'. முடிஞ்ச தொடர், சிரிப்பும் உண்டு. அடுத்து 'ஃப்ரீரன்', அதை ஒரே மூச்சுல படிக்காதீங்க, ராத்திரிக்கு ரெண்டு அத்தியாயம் போதும். 'விட்ச் ஹாட்' ஃபோன் திரையில் வீண், படத்துக்காகவாவது ஒரு தொகுதியை அச்சில் பாருங்க. தனியா எல்லாத்தையும் வாங்க நம்ம பாக்கெட் மணி தாங்காது. அஞ்சு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு தொகுதி வாங்கி மாத்திக்கலாம். லைப்ரரியில புத்தகம் பரிந்துரைக்கிற நோட்டு ஒண்ணு சும்மாதான் கிடக்குது, அதுலயும் எழுதி வைங்க. பத்துப் பேர் எழுதினா ஒண்ணாவது வரும். ஜின்வூவோட தீவிர ரசிகர்கள் யாராவது கோபமா இருந்தா, அதையும் எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல பார்த்துக்கலாம்.